கலம்காரியில் உங்கள் முதல் துணி: கசிமிப் பானையிலிருந்து கடைசி அலசல் வரை

இயற்கைச் சாயங்களால் பருத்தித் துணியில் படம் தீட்டும் கலம்காரியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், முதல் நாளே கலத்தை, அதாவது மூங்கில் பேனாவை, கையில் எடுக்க ஆசைப்படுவார்கள். நான் முதலில் ஒரு மண்பானை வாங்கி வரச் சொல்வேன். கறுப்புக் கோட்டுக்கு வேண்டிய கசிமி என்ற இரும்பு நீர் ஊறுவதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். பானையை இன்றே வைத்துவிட்டால், அந்த மூன்று வாரத்தையும் படம் யோசிக்கவும் கை பழகவும் வைத்துக்கொள்ளலாம். படத்தை முடித்துவிட்டுப் பானையைத் தேடினால், வரைய வேண்டும் என்ற வேகம் அதற்குள் ஆறிப்போய்விடும்.

நான் இங்கே சொல்லப்போவது ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி முறை. கையால் கோடிழுத்து, கையாலேயே நிறத்துக்கான நீரை வைக்கும் முறை அது. கடலோரத்தில் மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெடனாவிலும் கலம்காரி உண்டு. அங்கே மர அச்சுதான் முக்கியம். தஞ்சைப் பக்கத்திலும் கோயில்களுக்குத் தொம்பை என்ற உருளைத் தொங்கல், வாசமாலை என்ற வாசல் தொங்கல், விதானத் துணி செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மூன்றும் உறவுகள்தான், ஆனால் செய்முறை வேறு வேறு. முதல் துணிக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். கலத்தால் நாம் துணியில் வைப்பது பெரும்பாலும் நிறமே இல்லாத நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரை வைக்கிறோம். சிவப்பு பிறகு, சாய வேரைக் காய்ச்சும் அண்டாவில் வருகிறது. வெள்ளை அதற்கும் பிறகு, வெயிலில். கண்ணுக்குத் தெரியாததை வைத்துக்கொண்டு, வரப்போவதை மனக்கண்ணில் பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். அதனால் இந்தக் கலைஞர்கள் கடைசியில் துணி எப்படி நிற்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி யோசித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த யோசனைதான் இதில் பெரிய வேலை. கை வேலை அதற்கு அடுத்ததுதான்.

வாங்க வேண்டியவை

பெரும்பாலானவை நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கடுக்காய்ப் பிஞ்சு 100 கிராம், சிவப்பு தரும் மஞ்சிட்டி வேர் 50 கிராம், படிகாரம் 100 கிராம், பதிமுகக் கட்டை கொஞ்சம், கடுக்காய்ப்பூ 50 கிராம். கடுக்காய்ப்பூ என்று பெயரே தவிர அது பூ இல்லை. பூச்சி கடித்ததால் மரத்தில் உண்டாகும் முடிச்சு. அது கிடைக்காவிட்டால் காய்ந்த மாதுளைத் தோல் போதும். எதையும் பொடியாக வாங்காதீர்கள். கட்டையாக, வேராக, காயாக வாங்கி வீட்டில் இடித்துக்கொண்டால் கலப்படம் பற்றிய சந்தேகம் இருக்காது.

துணி, காடா என்ற வெளுக்காத பருத்தித் துணி. இரண்டு மீட்டர் வாங்குங்கள். படத்துக்கு அரை மீட்டர் சதுரம் போதும். மீதி முழுதும் பழகுவதற்கும் சோதிப்பதற்கும். பாலியஸ்டர் ஓர் இழை கலந்திருந்தாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கடையில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

காய்ச்சாத எருமைப்பால், துணியைப் பக்குவப்படுத்தும் நாளில் 400 மில்லி, மஞ்சள் வைக்கும் முன் இன்னும் கொஞ்சம். அப்புறம் ஒரு மண்பானை, ஒரு எவர்சில்வர் அல்லது செம்புப் பாத்திரம், துருப்பிடித்த ஆணிகள் 200 கிராம். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொடங்காதீர்கள். பொங்கலுக்குப் பிறகு சித்திரை வைகாசி வரை நல்ல வெயில் இருக்கும்.

முதல் நாள்: கசிமி

ஆணிகளைத் தணலில் போட்டுச் சுட்டு எண்ணெய்ப் பசை போக்குங்கள். ஆறியதும் துரு தூளைத் தட்டிவிட்டுப் பானையில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் கரைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். இறுக்கமான மூடி வேண்டாம். உள்ளே புளிப்பேறும்போது காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். தினமும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். முதல் வாரம் நுரைக்கும், புளித்த வாடை வரும். நுரை அடங்கி, நீர் கறுத்துத் தெளிந்து நிற்கும்போது தயார் என்று பொருள். நல்ல வெயில் காலத்தில் பதினைந்து நாள், இல்லாவிட்டால் இருபது இருபத்திரண்டு நாள்.

உள்ளே நடப்பது இதுதான்: வெல்லம் புளித்துப் புளிக்காடி ஆகிறது, அந்தப் புளிப்பு இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கறுப்பாகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுது மையைச் செய்ததும் இதே வழியில்தான். கசிமி தனியாக ஒரு காகிதத்தில் பட்டால் பழுப்பாகத்தான் தெரியும். கடுக்காய் நீரும் எருமைப்பாலும் ஏறிய துணியில் பட்ட சில நொடியில் கறுக்கும். முதன்முறை அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

மூன்று வாரம்: என்ன வரையலாம்?

இதுதான் பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம். கையில் கிடைத்த மயிலையோ, கலம்காரி என்று தேடினால் வந்து விழும் மரத்தையோ அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பயிற்சிக்கு அது சரிதான். ஆனால் ஒரு துணிக்கு ஒரு மாத உழைப்பு போகப் போகிறது. அந்த மாதம் முழுதும் உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பொருளாக அது இருக்க வேண்டும்.

ஸ்ரீகாளஹஸ்தியில் மரபாகச் செய்யும் பெரிய துணிகளைக் கவனித்தால் இந்த யோசனை எப்படி நடக்கிறது என்று புரியும். ராமாயணத் துணி என்றால் நடுவில் பட்டாபிஷேகம் பெரிதாக இருக்கும். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்களில் கதை ஓடும். கட்டங்களுக்குத் தெலுங்கில் ஒரு வரி எழுத்தும் இருக்கும். வரைகிறவர் கதை முழுவதையும் மனதில் வைத்திருந்து, எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை அங்குலம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார். கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்த முயற்சியால் 1957இல் அந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. மங்கிக்கொண்டிருந்த கலை அதனால் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குருப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வரைவதோடு கதை சொல்வதையும் சேர்த்தே செய்தவர் அவர்.

இதே முறையை வேறு திசைக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. வடோதராவில் வேலை செய்யும் லாவண்யா மணி கலம்காரி நுட்பத்தையும் இயற்கைச் சாயத்தையும் எடுத்துக்கொண்டு, துணி வாணிகத்தின் வரலாறு, காலனிய ஆட்சி போன்றவற்றைத் தன் படங்களில் பேசுகிறார். இந்தத் துணியைப் பற்றிய கதையை இந்தத் துணியிலேயே சொல்வது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. புராணம் மட்டும்தான் இதற்கு ஏற்றது என்று நினைத்துக்கொண்டு தயங்கி நிற்க வேண்டாம்.

நான் என் முதல் முழுத் துணிக்கு எடுத்துக்கொண்டது ஒற்றைப் பனைமரமும் அதில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் தினமும் பார்த்த மரம். ஏன் அது சரியாக வந்தது என்று பிறகு யோசித்தேன். இந்த முறையில் எனக்குக் கிடைக்கக்கூடிய நிறங்கள் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. பனையின் தண்டு முழுதும் கோடு, அது கறுப்பு. கூடுகட்டும் காலத்தில் ஆண் குருவியின் தலையும் நெஞ்சும் மஞ்சள், வயிறு வெளுப்பு. வானம் மட்டும் மிச்சம். ஸ்ரீகாளஹஸ்தித் துணிகளில் பின்புலம் சிவப்பாக இருப்பது வழக்கம். நானும் வானத்தைச் சிவப்பாக்கினேன். நீல வானம் கிடைக்காததால் படம் குறைந்துபோகவில்லை, அந்திப் பொழுதாக மாறிவிட்டது.

நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள். தினமும் ஒரு பக்கம் வீதம் பத்து நாள், ஒரே பொருளை வரையுங்கள். மூன்றாம் நாள் சலிப்பு வரும்; ஐந்தாம் ஆறாம் நாளில்தான் அதுவரை கண்ணில் படாதது படத் தொடங்கும். கூட்டின் வாய் பக்கவாட்டில் அல்ல, கீழே நோக்கித் தொங்குகிறது என்பதை நான் ஏழாம் நாள்தான் உள்ளபடி பார்த்தேன்.

பிறகு காகிதத்தில் ஒரு நிறக் கணக்கு போடுங்கள். படத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்து: கசிமிக்கு க, படிகாரத்துக்கு ப, மஞ்சளுக்கு ம, வெள்ளைக்கு வெ. முதலில் வெள்ளையைக் குறியுங்கள். வெள்ளை என்பது நாம் எதுவும் வைக்காத இடம். கடைசி வரை அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிறகு சிவப்பு, அப்புறம் கறுப்பு. மஞ்சள் கடைசியில்தான் ஏறும், ஆகவே இந்தக் கட்டத்தில் அதுவும் வெள்ளையோடு சேர்ந்ததுதான். இந்தக் காகிதம் வேலை முடியும்வரை உங்கள் எதிரில் சுவரில் இருக்கட்டும்.

துணியைப் பக்குவப்படுத்துதல்

காடாவில் கஞ்சி இருக்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் நன்றாக அடித்துத் துவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் உடனே உறிஞ்ச வேண்டும். உருண்டு நின்றால் இன்னொரு முறை துவையுங்கள்.

கடுக்காய்ப் பிஞ்சை இடித்து 800 மில்லி தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் 400 மில்லி எருமைப்பாலைக் கலந்து, துணியை அமுக்கி, ஒவ்வொரு மூலையிலும் ஊறும்படி இருபது நிமிடம் பிசையுங்கள். பிழிந்து வெயிலில் விரித்துக் காயவையுங்கள், இடையில் திருப்பிப் போடுங்கள். மடிப்போடு காய்ந்தால் அந்த மடிப்புக் கோடு கடைசி வரை நிற்கும்.

கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துவைக்கிறது; பாலின் கொழுப்பு, வைத்த நீர் இழையோடு பரவாமல் தடுக்கிறது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், அதனால்தான் அது. கிடைக்கவே இல்லை என்றால் கொழுப்பு எடுக்காத பாலைப் பயன்படுத்துங்கள். கொழுப்பு நீக்கிய பாக்கெட் பாலில் கோடு மயிர் விட்டதுபோலப் பரவும். பக்குவப்படுத்திய துணியை ஒரு வாரத்துக்குள் வரையத் தொடங்கிவிட வேண்டும். போகப்போக மஞ்சள் ஏறிக்கொண்டே போகும், வாடையும் கூடும்.

இந்த எருமைப்பாலும் கடுக்காயும் எத்தனை பழையவை என்பதற்கு ஓர் ஆவணம் உண்டு. புதுச்சேரியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில் சோழமண்டலக் கரைத் துணிச் சித்திரக்காரர்களின் முறையைப் படிப்படியாக விவரிக்கிறார். அங்கே இந்த இரண்டும் வருகின்றன. துவைத்தாலும் போகாத இந்த நிறங்களுக்கு ஐரோப்பாவில் அத்தனை மோகம். உள்ளூர் நெசவைக் காப்பாற்றுவதற்காக பிரான்சு 1686இலேயே இவற்றுக்குத் தடை விதித்தது. 1759 வரை தடை நீடித்தது.

கலம் செய்து, கை பழகுதல்

மூங்கில் சிம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பேனா முனைபோலச் சீவுங்கள். முனைக்கு ஓர் அங்குலம் மேலே பழைய கம்பளித் துணியையோ பஞ்சையோ எலுமிச்சம்பழ அளவுக்குச் சுற்றி, பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கசிமியில் முக்கி எடுத்தால் அந்தப் பஞ்சு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் முனைக்கு இறங்கும். கோட்டுக்குக் கூரான கலம் ஒன்று, இடம் நிரப்ப மழுங்கிய கலம் ஒன்று.

துணிக்கு அடியில் கனமான போர்வை விரித்திருக்க வேண்டும். இடது கையில் எப்போதும் ஒரு பழைய துணி இருக்கட்டும். கோடு இழுத்த கையோடு மேலே ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றாவிட்டால் கோடு தடித்துவிடும். இடது கைத் துணி பழக்கம் வர எனக்குப் பத்து நாள் ஆனது.

பக்குவப்படுத்திய மீதித் துணியில் பழகுங்கள். நேர்கோடு, வளைவு, பிறகு ஒரே நீளத்தில் பக்கம் பக்கமாகப் படியும் சின்னக் கோடுகள். இந்தக் கலையின் உயிர் கோட்டில் இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடு நடுங்கும். மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தது வழுக்கிக்கொண்டு போகும். செய்து பாருங்கள்.

உருவம் வரைவதற்குப் புளியங்குச்சிக் கரி நல்லது. குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியில் சிறு துளையிட்டுத் தணலில் புதைத்தால் கரியாகும். தட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால் தைரியமாக வரையலாம். துணியை நான்காக மடித்து நகத்தால் நீவினால் விழும் மடிப்புக் கோடுகளே அளவுக்குப் போதும், அடிக்கோல் தேவைப்படாது. அதன்மேல் கசிமியால் இறுதிக் கோடு.

கசிமியில் தவறினால் அழிக்க வழி பெரிதாக இல்லை. உடனே எலுமிச்சைச் சாறு தொட்டு ஒற்றி, தண்ணீரால் கழுவினால் மங்கும். அந்த இடத்தில் துணியின் பக்குவமும் போய்விடும். தவறிய கோட்டை ஓர் இலையாக, ஒரு கோடாக மாற்றிப் படத்துக்குள் சேர்த்துக்கொள்வதுதான் நான் செய்வது.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு அடர்த்தியாக வேண்டும் என்று பெரிய இடங்களைக் கசிமியால் நிரப்பாதீர்கள். இரும்பு நாளடைவில் பருத்தியை அரிக்கும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்பு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து போயிருப்பதை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கறுப்பு வேண்டுமென்றால் நெருக்கமான கோடுகளால் காட்டுங்கள். பனையின் தண்டு அப்படித்தான் அழகாக வந்தது.

படிகாரம், பிறகு அண்டா

50 கிராம் படிகாரத்தை அரை லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். அதில் பதிமுகக் கட்டையைச் சற்று ஊறவைத்தால் இளஞ்சிவப்பாகும். எங்கே வைத்தோம், எங்கே விட்டோம் என்று கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு அடையாளத்துக்கு மட்டும்தான். சிவப்பு வர வேண்டிய எல்லா இடத்திலும் இந்த நீரை மழுங்கிய கலத்தால் நிரப்புங்கள். கொஞ்சம் நீரைத் தனியே எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் வெளிர் சிவப்பு கிடைக்கும். அதே படிகாரத்தில் சில சொட்டுக் கசிமி சேர்த்தால் கருஞ்சிவப்பு. இவற்றைச் சோதனைத் துண்டுகளில் முதலில் பாருங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகுதான் கழுவ வேண்டும், அதுவும் ஓடுகிற தண்ணீரில். என் முதல் முயற்சி கெட்டது இந்த இடத்தில்தான். வாளியில் தண்ணீர் நிரப்பித் துணியை முக்கி வைத்துவிட்டேன். துணியில் ஒட்டாமல் மிஞ்சிய படிகாரம் வாளி நீரில் கலந்து எல்லா இடத்திலும் ஏறியது. அண்டாவிலிருந்து எடுத்தபோது குருவியின் வயிறும் வானமும் ஒரே சிவப்பு. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "ஸ்வர்ணமுகி ஏன் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று இப்போது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார். ஸ்ரீகாளஹஸ்தியில் அந்த ஆற்றின் ஓட்டத்தில் துணியை விரித்துப் பிடிப்பார்கள். மிஞ்சியதை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டில் என்றால் துணியைக் கொடியில் தொங்கவிட்டு, குழாயில் ரப்பர் குழாய் மாட்டி, மேலிருந்து கீழே தண்ணீர் வழிந்தோடும்படி பத்து நிமிடம் விடுங்கள். எங்கேயும் தேங்கக் கூடாது.

மஞ்சிட்டி வேர் 50 கிராமை இடித்து முதல் நாள் இரவே ஊறவையுங்கள். நான்கு லிட்டர் தண்ணீரில் அதைச் சேர்த்து, வெதுவெதுப்பானதும் ஈரத் துணியைப் போடுங்கள். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றி, ஆவி பறக்கும், ஆனால் கொதி வராத நிலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். கொதித்தால் சிவப்பு பழுப்பாகச் சாயும். ஒரு குச்சியால் துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தொடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் நிறம் கறுத்துப்போகும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது.

மஞ்சிட்டிக்குப் பதிலாக முன்பு இந்தக் கரையில் சாயவேர்தான் பேர்போனது. கடலோர மணலில் ஆழமாக இறங்கும் மெல்லிய வேர் அது. நம் கரையிலும் அக்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்திலும் தோண்டி எடுத்தார்கள். சிப்பி நிறைந்த மண்ணில் விளைந்த வேரின் சிவப்புக்குத் தனி மதிப்பு. இன்று அது எளிதில் கிடைப்பதில்லை. எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

சோதனைத் துண்டுப் புத்தகம்

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, தேதி, தண்ணீர் எது, வெயில் எப்படி, எத்தனை கிராம் என்று எழுதுங்கள். இதற்காகவே மீதித் துணியையும் படத்தோடு சேர்த்து எல்லாக் கட்டத்துக்கும் கொண்டுபோக வேண்டும். 1730களில் புதுச்சேரிக்கு வந்த பொல்யே என்ற பிரெஞ்சு அதிகாரி இதையேதான் செய்தார்: நம் சித்திரக்காரர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டை எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அவர் நோக்கம் தொழில் ரகசியத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோவது. வேலை செய்த கைகளின் பெயரை அவர் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். உங்கள் நோட்டில் யாரிடம் எதைக் கற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வெள்ளை எடுத்தல்

அண்டாவிலிருந்து வரும் துணியைப் பார்த்து முதல்முறை மனம் உடைந்துபோகும். சிவப்பு வந்திருக்கும், ஆனால் மற்ற இடமெல்லாம் அழுக்குப் பழுப்பாக இருக்கும். பயப்படாதீர்கள். படிகாரம் இல்லாத இடத்தில் ஏறிய நிறத்துக்குப் பிடிமானம் கிடையாது, வெயிலில் போய்விடும்.

அரை வாளித் தண்ணீரில் கால் கிலோ பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டி, துணியை ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் நன்றாக அலசி, புல்தரையிலோ மொட்டைமாடியில் ஒரு வெள்ளை விரிப்பின் மேலோ விரியுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தின்மேல் விழும் வெயில்தான் வெளுக்கிறது. காய்ந்த துணியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மாலையில் மறுபடி சாணத் தண்ணீர், மறுநாள் மறுபடி வெயில். இரண்டு மூன்று நாளில் குருவியின் வயிறு வெளுத்து நிற்கும், சிவப்பும் கறுப்பும் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அவசரப்பட்டு பிளீச்சிங் பவுடர் பக்கம் போய்விடாதீர்கள். சிவப்பும் சேர்ந்து போய்விடும்.

மஞ்சள்

வெளுத்த துணியில் முதலில் ஏற்றிய பால் மிச்சம் இருக்காது. மஞ்சள் பரவாமல் இருக்க, தண்ணீர் கலந்த எருமைப்பாலில் மறுபடி முக்கிக் காயவையுங்கள். இந்த முறை கடுக்காய் வேண்டாம்.

கடுக்காய்ப்பூ 50 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, வடிகட்டி, ஒரு தேக்கரண்டி படிகாரம் சேர்த்தால் மஞ்சள் தயார். மாதுளைத் தோலிலும் இதே அளவு. அதன் மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடும். சமையல் மஞ்சளை எடுக்காதீர்கள், சில வார வெளிச்சத்திலேயே மங்கிவிடும். மஞ்சளைச் சிவப்பின்மேல் மெல்லியதாக இழுத்தால் செம்மஞ்சள் கிடைக்கும்; பனங்காய்களுக்கு அது பொருந்தியது.

நீலத்தை முதல் துணியில் தொட வேண்டாம். அவுரி நீலம் தண்ணீரில் நேராகக் கரையாது. தொட்டியில் அதைப் பக்குவம் செய்வதே தனி வித்தை. சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் நீலம் வர வேண்டிய இடம் தவிர மற்ற எல்லாவற்றையும் மெழுகால் மூடி, துணியைத் தொட்டியில் இறக்கினார்கள். மூன்று நான்கு துணி முடித்தபின் அதற்கு வாருங்கள்.

கடைசி அலசல்

மஞ்சள் ஒரு நாள் காய்ந்த பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பால் வாடை இரண்டு மூன்று அலசலில் போய்விடும். பிறகு துவைக்க நேர்ந்தால் பூந்திக்கொட்டை நுரை போதும். சோப்புத்தூளின் காரம் சிவப்பின் நிறத்தை மாற்றும். சுவரில் மாட்டுவதானால் நேர் வெயில் விழாத சுவர். எடுத்து வைப்பதானால் மடிக்காமல், ஒரு குழாயில் சுற்றி.

கசிமிப் பானையைக் கவிழ்த்துவிட வேண்டாம். மிஞ்சிய நீரை வடித்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் சில மாதம் கெடாமல் இருக்கும். அடியில் இருக்கும் ஆணிகளைக் கழுவி, மறுபடி தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் போட்டு வாயைக் கட்டுங்கள். அடுத்த படத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது.